எழுதாமல் விட்ட அரைப் பக்கம்

காசிமேட்டில் யாரையாவது நிறுத்தி, நல்ல ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். என் ஃபேக்டரிப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். பதினோரு வயதில் ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துப் படகுக்குத் தூக்கிப் போனவன். இன்றைக்கு இரண்டு ஃபேக்டரி, ஐந்து லாரி, கல்மண்டபத்தில் மூன்று மாடி வீடு. எவனும் ஏணி பிடிக்கவில்லை, நானேதான் ஏறினேன். ஒரு ஐஸ் பாரை விரலால் சுண்டினால் அது எத்தனை மணி நேரம் உறைந்தது, உப்புத் தண்ணீர் கலந்ததா இல்லையா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். எந்தக் காலேஜிலும் இந்தப் பாடம் கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தது மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறைக்காக. அந்த அறையில் இரண்டு வருஷம், புதன்கிழமையும் சனிக்கிழமையும் சாயந்திரம் ஆறரை மணி முதல் எட்டரை வரை, என் மகள் உட்கார்ந்து படித்தாள். இப்போது படிப்பு முடிந்துவிட்டது. புதன்கிழமை வருகிறது, போகிறது. அவள் வருவதில்லை.

மகள் குழந்தை டாக்டர். ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கட்டிக்கொடுத்தது பல்லாவரத்தில். தினமும் அவ்வளவு தூரம் போய் வருகிறவள், ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது புதிதாக ஏதோ படிக்கப் போவதாகச் சொன்னாள். டாக்டர்களுக்கென்றே நடத்துகிற மேற்படிப்பாம். குழந்தைகளுக்குத் தொற்றி வருகிற நோய்கள் மட்டும்தான் பாடம். வேலையை விட வேண்டாம், பகுதி நேரமாகப் படிக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆனால் விமானம் ஏற வேண்டாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வாத்தியாரே திரைக்கு வந்துவிடுவார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. தலை நரைக்கிற வயதில் இன்னும் என்ன படிப்பு, ஏற்கெனவே படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிச் சொன்னாள். வரிசையில் பாதிப் பிள்ளைகளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்குமாம். பிறகு சொன்னாள்:

"ஜுரம்னு சீட்டுல எழுதி அனுப்பறது எனக்குப் புடிக்கல நைனா. இன்னா ஜுரம்னு தெரியணும்."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஒரு மூத்த பிள்ளை இருந்தான். நாலு வயதில் ஜுரத்தில் போனான். மகள் பிறப்பதற்கு ஏழு வருஷம் முந்தி. வீட்டில் அவன் படம் கிடையாது. படம் எடுக்கிற வசதி அப்போது எங்களுக்கு இல்லை. 'உனக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஜுரத்தில் போய்விட்டான்' என்பதோடு மகளுக்குச் சொன்னது முடிந்தது. என்ன ஜுரம் என்று நாற்பத்தைந்து வருஷமாக நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவர்கள் என்னைக் கேட்பார்கள். அன்றைக்கு நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டிவரும். அவன் போனது ஜுரத்தாலா, என் கையாலா என்ற கேள்வி அப்படியே எனக்குள் கிடந்தது.

படிப்புக்கு இடம் ஒரு பிரச்னையாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் அவளால் பல்லாவரம் போய்ச் சேர முடியாது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழி விட்டால்தானே. நம் வீட்டிலேயே படி என்றேன். மூன்றாம் மாடி அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, மேஜையும் ஒரு கட்டிலும் போட்டு, ஏசி மாட்டினேன். இன்டர்நெட்டுக்கு ஒன்றுக்கு இரண்டாக லைன் இழுத்தேன், ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று. கரண்ட் போனால் வகுப்பு நிற்கக் கூடாதே என்று ஓர் இன்வெர்ட்டர். கடைக்காரன், ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பெரியது எதற்கு என்றான். என் மகள் எப்பேர்ப்பட்ட படிப்பு படிக்கிறாள் என்று அவனுக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். பெரியதையே வாங்கினேன்.

அந்த இரண்டு வருஷமும் எனக்கு வேறு கணக்கில் வரவு. சின்ன வயதில் அவளை நான் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. ஆறாம் வகுப்பிலேயே மலைமேல் இருக்கிற கான்வென்டில், ஹாஸ்டலில் சேர்த்துவிட்டேன். என் மகள் மலைமேல் படிக்கிறாள் என்று டோல்கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிஜம் என்னவென்றால், அவளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே நான் தொடப் பயந்து தெருவுக்குப் போய்விடுவேன். கண்காணாத இடத்தில் அவளுக்கு ஜுரம் வந்தால் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள், என் கை படாது என்று நினைத்தேன். அப்புறம் மருத்துவக் கல்லூரி, அப்புறம் கல்யாணம். லீவுக்கு வருகிற பெண்ணாகவே அவளைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு சாயந்திரம் அவள் செருப்பு என் வாசலில் கிடந்தது எனக்குப் புதிது.

நான் வகுப்பு நடக்கிறபோது அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். தினத்தந்தியைக் கையில் வைத்திருப்பேன், படிக்க மாட்டேன். உள்ளே இங்கிலீஷ் ஓடும். எனக்குப் புரிகிறது 'ஃபீவர்', 'சைல்ட்', 'மதர்' இந்த மூன்று வார்த்தைகள்தான். ஆனால் குரல்களைப் பழகிக்கொண்டேன். வாத்தியாரம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடைவெளி விட்டுப் பேசுவாள். ஆப்பிரிக்காவிலிருந்து படிக்கிற ஒரு டாக்டர் வாயைத் திறந்தால் பின்னால் அவர் வீட்டுச் சேவல் கூவும். அவருக்கு நான் சேவல் டாக்டர் என்று பெயர் வைத்தேன். மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. இன்றைக்குச் சேவல் வந்ததா என்று நான் கேட்பேன், வந்தது நைனா, நல்ல கேள்வி கேட்டது என்பாள்.

துறைமுகத்தில் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். என் மகள் வெளிநாட்டு டாக்டர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் பாடம் எடுக்கிறாள் என்று. அது எப்படியோ சுற்றி என் மனைவி காதுக்கு வந்தது. அவளுக்கு என்னைத் தெரியும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோறு போடாமல் நின்றாள்.

"பீலா வுடாதயா. அது படிச்சிகினு கீது. சொல்லிக் குடுக்கல."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"உனுக்கு எல்லாமே ஒண்ணுதான்" என்றாள்.

முதல் மாதத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐஸ்காரன் வீட்டு ஏசி என்றால் சும்மாவா, பதினாறில் வைத்துவிட்டேன். மகள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி டீ கொண்டு வந்தவள் அறைக்குள் கால் வைத்ததும் திட்டினாள்.

"யோவ், இன்னாயா இது. புள்ளய வஞ்சிரம் மாதிரி ஐஸ்ல போட்டு வெக்கறியா?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். டீயை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கீழே போனாள். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று மகள் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று ஏசியைக் குறைத்தேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் உறைய வைக்கிற தட்டு கிடையாது. இரண்டு ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறவன் வீட்டில், கத்திரி வெயிலில் வருகிற விருந்தாளிக்குக்கூட மோரில் ஒரு துண்டு ஐஸ் போட்டுக் கொடுத்ததில்லை. மனைவி அந்தத் தட்டை எப்போதோ தூக்கிப் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷம், ஒரு சனிக்கிழமை, மகள் நாலு மணிக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். அந்த வாரப் பாடத்தைச் சொன்னாள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே வீட்டில் இறந்துபோகிற குழந்தைகள் உண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தும் என்ன நோய் என்று தெரியாமல் போகிற குழந்தைகள் உண்டு. அந்தக் குழந்தைகள் எதனால் போனார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொஞ்ச நாள் விட்டு, அந்தத் தாய் தகப்பனிடம் போய் உட்கார்ந்து, வரிசையாகக் கேள்வி கேட்க வேண்டும். கேள்விகளைத் தமிழில் எழுதி வந்திருந்தாள். நம் சனங்களுக்கு அது புரிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"நீ சும்மா ஒரு அப்பா மாதிரி நடி நைனா. நான் கேக்கறேன். எங்க இடிக்குதுன்னு சொல்லு."

இப்படி என்னிடம் யோசனை கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. நான் சரியாகச் சொல்வேன், எத்தனை குப்பத்து ஆள்களோடு பழகியிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். மனைவி கீழே அடுப்படியில் இருந்தாள். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு மாடி அறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பையனா, பெண்ணா என்றாள். பையன். வயது? நாலு. அப்பா என்ன வேலை?

"ஐஸ்."

அவள் சிரித்தாள். "வேற எதனா சொல்லு நைனா. நடிக்கத்தான சொன்னேன்."

"ஐஸ்னே எழுது" என்றேன்.

எழுதினாள். ஜுரம் எத்தனை நாள்? மூன்று. வாந்தி? எடுத்தான். சாப்பிட்டானா? ரெண்டு நாளாய் இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனாள். நான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் 'வலிப்பு' என்று எழுதியிருந்ததை 'இழுப்பு' என்று மாற்றச் சொன்னேன், மாற்றிக்கொண்டாள். என் மேதாவித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த கேள்வி வந்தது: வீட்டில் என்ன வைத்தியம் செய்தீர்கள்?

நான் பேசவில்லை. நடிப்பு மறந்துவிட்டது என்று நினைத்து, கஷாயம், பத்து, வேப்பிலை, அந்த மாதிரி ஏதாவது சொல்லு என்று எடுத்துக்கொடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். நடிக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நடந்ததை நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சொந்தமாக ஒன்றும் இல்லை. இன்னொருவர் ஃபேக்டரியில் ஐஸ் உடைக்கிற ஆள். ஆனால் வேலையில் எனக்கு மிஞ்சினவன் கிடையாது. மீனைப் பெட்டியில் அடுக்குவது ஒரு வித்தை. அடியில் ஒரு வரிசை ஐஸ், மேலே மீன், இரண்டு பக்கமும் ஐஸ், இடுக்கெல்லாம் பொடி ஐஸ். நான் அடுக்கின வஞ்சிரம் பெங்களூருக்குப் போய் இறங்கும்போதும் செவுள் சிவப்பாக இருக்கும். அந்த வாரம் படகெல்லாம் நிறைந்து வந்தது. எங்கும் ஐஸ் தட்டுப்பாடு. என்னால் நகர முடியவில்லை. பையனுக்கு ஜுரம் இறங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயா என்று மனைவி ஆள் சொல்லி அனுப்பினாள். நான் ஒரு சாக்கு நிறைய ஐஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பாயை விரித்து, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பொடி ஐஸைப் பரப்பி, இன்னொரு சாக்கைப் போட்டு, பிள்ளையைப் படுக்க வைத்தேன். இரண்டு பக்கமும் ஐஸ் அடைத்தேன். அவன் முதலில் கத்தினான். நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

நான் தெருவில் போய் நின்றேன். ஊரே மருந்து கொடுத்தும் இறங்காத ஜுரத்தை அரை மணியில் இறக்கிவிட்டேன் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியாவது ஒன்றாவது என்றேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்கும் கொஞ்சம் ஐஸ் கேட்டாள், கொடுத்தேன். சந்தோஷமாக வேலைக்குத் திரும்பினேன்.

மறுநாள் விடிகிற நேரம் அவனுக்கு இழுப்பு வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ், குழந்தையின் சட்டை ஏன் இவ்வளவு ஈரம், ஏன் மீன் வாடை என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டான். அந்தப் பார்வையைத்தான் நான் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இதைச் சொல்லி முடித்தபோது அறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. சுண்டல் கிண்ணம் கையில் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு கதையைச் சொல்லி அவள் திருத்தாமல் விட்டதில்லை. இதையும் திருத்தினாள்.

"மூணு நாள் இல்ல. அஞ்சு நாள். ஐஸ் வெக்கறதுக்கு மொத நாளே அவன் கழுத்து மடங்கல. தலயத் தூக்கினா கத்தினான். விளக்கு வெளிச்சத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கினான். நான் சொல்லி அனுப்பினேன். உங்கப்பா காதுல ஏறல."

மகள் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பேனாவை எடுத்து முதலிலிருந்து கேட்டாள். என் மனைவிக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து நாளில் ஒவ்வொரு பொழுதும் அவளிடம் இருந்தது. எந்த வேளை வாந்தி எடுத்தான், என்ன நிறம், எப்போது கடைசியாகத் தண்ணீர் கேட்டான், எந்தப் பக்கம் சாய்த்துப் படுத்தான் எல்லாம் சொன்னாள். யாராவது கேட்பார்கள் என்று அத்தனை வருஷமும் எடுத்து வைத்திருந்த மாதிரி சொன்னாள். நான் கேட்டிருக்க வேண்டியது.

எழுதி முடித்துவிட்டு மகள் காகிதத்தை முதலிலிருந்து ஒரு தடவை படித்தாள். வீட்டுப் பெண்ணாக இல்லாமல் டாக்டராகப் பேசினாள். மூளைக்காய்ச்சல் மாதிரித் தெரிகிறது, மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் கிருமி போய் வருவது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. இத்தனை வருஷம் கழித்து இவ்வளவுதான் சொல்ல முடியும் என்றாள்.

"ஐஸு?" என்றேன்.

"ஐஸ் வெச்சது தப்பு நைனா. அப்படி வெக்கவே கூடாது. ஆனா நோய் ஐஸால வரல. நீ வெக்கறதுக்கு முன்னாடியே முத்திப் போச்சு." பேனாவை மூடினாள். "அவன் அழுகய நிறுத்தினது ஜுரம் இறங்கினதால இல்ல. மயக்கத்துக்குப் போய்ட்டான்."

"அன்னிக்கே இட்டுகினு போயிருந்தா?"

பிழைத்திருக்க மாட்டான் என்று அவள் சொன்னால் எனக்கு நிம்மதி. பிழைத்திருப்பான் என்று சொன்னாலும் ஒரு விதத்தில் நிம்மதிதான்; கிடைக்க வேண்டிய தண்டனை கிடைத்தது என்று இருந்துவிடுவேன்.

"தெர்ல நைனா" என்றாள். "பொழைச்சும் இருக்கலாம். தெர்ல."

என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் ரத்தம்தானே, சொல்லத் தெரியாதா. சொல்லவில்லை. இந்த மாதிரி மூளைக்காய்ச்சலில் சிலதுக்கு இப்போது ஒன்றரை மாதக் குழந்தைக்கே தடுப்பூசி போட்டுவிடுகிறோம் என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு மனைவி முதல் தடவையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துத் தெருச் சுகாதார நிலையத்தில் செவ்வாய், புதனில் போடுகிற ஊசி அது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது பேத்தியைத் தூக்கிக்கொண்டு நானே போயிருக்கிறேன். போட்டதும் அழுதாள், தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தேன், முடிந்தது.

காகிதத்தின் கடைசியில் அரைப் பக்கம் காலியாக இருந்தது. மேலே ஒரே வரி: 'உங்கள் குழந்தையைப் பற்றி உங்கள் வார்த்தையில் சொல்ல விரும்புவதைச் சொல்லுங்கள்.' மகள் அதை வாசித்துவிட்டுக் காத்திருந்தாள். துறைமுகத்தில் மேடை போட்டுக் கொடுத்தால் நாள் முழுக்கப் பேசுகிறவன் நான். எனக்கு வார்த்தை வரவில்லை. மனைவியும் பேசவில்லை. அதற்குள் ஆறரை ஆகிவிட்டது. திரையில் ஒவ்வொரு கட்டமாக முகங்கள் வந்தன. சேவல் கூவிற்று. மகள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பறம் சொல்லு நைனா, நான் எழுதிக்கறேன்" என்றாள்.

சொந்த வீட்டுக் கதையைப் படிப்புக்குக் கொடுக்கக் கூடாதாம். அவள் வேறொரு குடும்பத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். எங்கள் காகிதம் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவள் வந்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும், இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று மாடி ஏறுவேன். அவள் முகத்தைப் பார்த்ததும் இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கியது, புதிய லாரிக்கு என்ன கலர் அடித்தேன் என்று பேச்சு எங்கேயோ போகும். நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். அவளும் கேட்கவில்லை. எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவாள். காரின் பின்விளக்கு ராயபுரம் பாலத்துப் பக்கம் திரும்புகிறவரை வாசலில் நிற்பேன்.

கடைசி வகுப்பன்று அறைக்குள் என்னையும் கூப்பிட்டாள். திரைக்கு முன்னால் நின்று கை ஆட்டச் சொன்னாள். கட்டத்துக்குள் இருந்த அத்தனை டாக்டர்களும் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். சேவல் டாக்டர் ஏதோ சொன்னார். இரண்டு வருஷமாகக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அப்பா இவர்தானா என்று கேட்கிறார் என்றாள் மகள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு திரை அணைந்தது. வயர்களைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். சால்வையை மறந்து விட்டுவிட்டுப் போனாள்.

இப்போது போன் செய்கிறாள், தினமும் செய்கிறாள். உடம்பு எப்படி, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் போனில் செருப்புச் சத்தம் வராது. போன வாரம் நானே கேட்டுவிட்டேன்.

"வேற படிப்பு எதனா கீதா கண்ணு? இன்வெர்ட்டர் சும்மா கெடக்குது."

அவள் சிரித்தாள். வருகிற மாதம் வேலை குறையும், வருகிறேன் நைனா என்றாள். வருவாள். விருந்தாளி மாதிரி, பழம் வாங்கிக்கொண்டு வருவாள்.

இந்தப் புதன்கிழமை ஆறரைக்கு நான் மாடிக்குப் போனேன். பூட்டைத் திறந்து ஏசியைப் போட்டேன், குறைவாகத்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இழுப்பறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். ஆண் குழந்தை, நாலு வயது. அப்பா தொழில், ஐஸ். ஜுரம், மூன்று நாள் என்பதை அடித்து ஐந்து நாள். மகளின் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. பிள்ளை போன கதை முழுக்க அதில் இருந்தது. பிள்ளை எங்கேயும் இல்லை. பேனாவைத் திறந்து அந்த அரைப் பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி டீ கொண்டு வந்தாள், பழக்கத்தில் மூன்று டம்ளர். கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா எய்தப் போற?"

"தெர்ல" என்றேன். இந்த வார்த்தையை இந்த வீட்டில் நான் சொல்லி அவள் கேட்டதில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மறுபடி பீலா விடப் போகிறேனோ என்று காத்திருந்தாள். பிறகு அவளே சொன்னாள்:

"ஐஸு வேவுதுன்னுவானே. அத்த எய்து."

நாற்பத்தைந்து வருஷமாக அவனைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு மட்டும்தான் அது ஞாபகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் எழுதுகிறேன். அரைப் பக்கம் போதவில்லை, இவ்வளவு ஆகிவிட்டது. தினமும் மத்தியானம் அவன் அம்மாவோடு எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வருவான். ஃபேக்டரி வாசலில் ஐஸ் பாரை இழுத்து வெயிலில் போட்டால் மேலே வெள்ளையாகப் புகை கிளம்பும் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு, ஐஸு வேவுது நைனா, ஐஸு வேவுது என்று குதிப்பான். எத்தனை தடவை பார்த்தாலும் குதிப்பான். நானும், ஆமாடா, வெந்துகினு கீது, சுடும், எட்ட நில்லு என்பேன். அவன் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, கன்னத்தை உப்பி, அதை ஊதி ஊதி ஆற்றுவான்.